வாட்ச் சொல்வதும் உடம்பு சொல்வதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொன்னபோது தலைவி அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "வழக்கம்போல பி.பி., சுகர்னு ஆரம்பிச்சுடாத. இப்ப எல்லார் கையிலயும் ஸ்மார்ட் வாட்ச் வந்துடுச்சு. ஹார்ட்டைப் பாக்குமாமே, அதைப் பத்திச் சொல்லு" என்றார். சரி அக்கா என்றேன். ஆனால் கடைசியில் பி.பி.யில்தான் போய் முடிப்பேன், அதற்கு இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து உள்கடன் 25,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்று கேட்டால், "இதயத்தைப் பாக்குற வாட்ச் வாங்கணும். அவருக்கு அப்பப்ப நெஞ்சு படபடங்குது" என்றார். தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த பிரதிநிதி பேனாவை நிறுத்திவிட்டார். கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம், காது குத்துக்குக் கொடுத்திருக்கிறோம், வாட்ச்சுக்குக் கொடுத்ததில்லை. கொடுக்கலாமா, கூடாதா? பதினான்கு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறவள் நான்தானே!

அன்றைக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வாட்ச்சால் ஓர் உயிர் பிழைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வாட்ச்சை நம்பி என் வீட்டிலேயே நான் செய்த தப்பும் இருக்கிறது. இரண்டையும் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வாட்ச்சைக் கழற்றித் திருப்பினால் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைகிறது. அதனால் திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடுகிறது. அதை எண்ணித்தான் நிமிடத்துக்கு 72, 80 என்று காட்டுகிறது. தளர்வாகக் கட்டினாலோ, கையை ஆட்டிக்கொண்டே இருந்தாலோ கணக்குத் தப்பும். மாவு பிசையும்போது வாட்ச் 140 காட்டினால் பயப்படாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விலை கூடின சில வாட்ச்சுகளில் இன்னொன்றும் உண்டு. வாட்ச்சின் பொத்தானில் இன்னொரு கையின் விரலை வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தால் இ.சி.ஜி. எடுக்கும். 2018-ல் ஆப்பிள் நிறுவனம் இந்த வசதியோடு வாட்ச்சை அறிமுகப்படுத்தியது. இப்போது வேறு கம்பெனிகளும் தருகின்றன. இவற்றின் விலை பெரும்பாலும் 20,000 ரூபாய்க்கு மேல்தான். ஆஸ்பத்திரி இ.சி.ஜி.க்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே கை, கால், நெஞ்சு என்று 10 இடத்தில் ஒட்டி, 12 கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறார்கள். வாட்ச் ஒரே ஒரு கோணத்தில் பார்க்கிறது. பன்னிரண்டு ஜன்னல் உள்ள வீட்டை ஒரே ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் 1,500 ரூபாய்க்கும் வாட்ச் கிடைக்கிறது. அதுவும் துடிப்பு, பிரஷர் எல்லாம் காட்டுகிறது. எங்கள் ஊக்குநர் அக்காவின் மகன் அப்படி ஒன்று கட்டியிருந்தான். "கொஞ்சம் கொடுப்பா" என்று வாங்கி, கூட்டத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் கட்டினேன். வாழைப்பழத்துக்குத் துடிப்பு 78! பிரஷர் 118-க்கு 76! எங்கள் குழுவிலேயே நல்ல பிரஷர் அந்த வாழைப்பழத்துக்குத்தான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா அதைப் போன்ற வாட்ச்சைப் பார்த்து, "நார்மலா இருக்கே" என்று மாத்திரையை நிறுத்தினால் அது சிரிக்கிற விஷயமா?

பிரஷர் காட்டும் நல்ல வாட்ச்சைக்கூட, புஜத்தில் பட்டை கட்டிப் பார்க்கும் மெஷினோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று விற்கிற வாட்ச்சையும் மோதிரத்தையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

இனி வாட்ச் உதவிய கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் தையல் தைக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். வயது 44. சென்னையில் வேலை செய்யும் மகள், தான் புதிது வாங்கியதும் பழைய வாட்ச்சை அம்மாவுக்குக் கொடுத்தாள். நல்ல வாட்ச். ஒரு நாள் மதியம் அது கையில் அதிர்ந்தது. துடிப்பு ஒழுங்காக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று இங்கிலீஷில் வந்திருக்கிறது. நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தது. இவள் என்ன செய்தாள்? "பழசுல்ல, கெட்டுப்போச்சு" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். வாரக் கூட்டத்தில் அதை வேடிக்கையாகச் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடி என்றால் தையல் மெஷின் ஓடுவது போல சீராக இருக்க வேண்டும். அவள் நாடி இரண்டு வேகமாகத் துடித்தது, ஒன்று தவறியது, மூன்று ஓடியது, நின்றது. "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, ரெண்டு வருசமாவே. வயசாகுதுல்ல" என்றாள். 44 வயசாம், வயசாகுதாம்!

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதற்குள் துடிப்பு சரியாகிவிட்டது. அங்கே எடுத்த இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டாக்டரம்மா "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லவில்லை. போனில் பதிவாகியிருந்த வாட்ச் எச்சரிக்கையைப் பார்த்தார், தேதியைக் குறித்துக்கொண்டார், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே 24 மணி நேரம் நெஞ்சில் கருவி மாட்டி அனுப்பினார்கள். அதில் பிடிபட்டது. எக்கோ எடுத்தபோது இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, மூட்டு மூட்டாக வீங்கிப் பல நாள் படுத்திருந்தாளாம். அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுத்திருக்கிறது. நம் நாட்டில் நிறையப் பெண்களுக்கு இப்படி இருக்கிறது. பிரசவத்தின்போதோ, நாற்பது வயதிலோதான் வெளியே தெரிகிறது.

அவளுக்கு இருந்த கோளாறுக்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அதனால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் ஐந்து மடங்கு. வலியே இல்லாமல் வந்து வந்து போகும் என்பதால், பக்கவாதம் வந்த பிறகுதான் பலருக்கும் இது இருந்ததே தெரியும். இப்போது அவள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். மெஷினும் ஓடுகிறது.

ஆக, இந்தத் தாளக்கேட்டைப் பிடிப்பதில் வாட்ச் உண்மையிலேயே உதவும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆப்பிள் நிறுவனத்தின் உதவியோடு ஒரு பெரிய ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டது. வாட்ச் கட்டிய 4,19,297 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் 2,161 பேருக்கு எச்சரிக்கை வந்தது. நெஞ்சில் ஒட்டும் பட்டையை வாங்கி ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு பட்டையிலும் பதிவானது. மற்றவர்களுக்கு வாட்ச் பொய் சொன்னது என்று சொல்லிவிட முடியாது. அது வந்து போகிற கோளாறு. பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வாட்ச்சும் எச்சரித்தபோது, 100-க்கு 84 முறை பட்டையிலும் அதுவே பதிவாகியிருந்தது. அதனால் எச்சரிக்கை வந்தால் பீரோவில் வைக்காதீர்கள். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதே சமயம் எச்சரிக்கை வந்ததுமே நோய் உறுதி என்று அழவும் வேண்டாம். உறுதி செய்ய வேண்டியது டாக்டர்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அத்தையை, அதாவது என் மாமியாரை, உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் குழுக் கடனில் இட்லிக் கடை போட்டு நடத்தியவர். வயது 61. பத்து வருடமாக சர்க்கரை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் என் கொழுந்தனார் அவருக்கு இ.சி.ஜி. எடுக்கும் வாட்ச் அனுப்பியிருந்தார். நான்தான் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, தினமும் எடுத்துக் காட்டுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

ஒரு ராத்திரி ஒன்பது மணி. "என்னமோ பண்ணுதுடி, செரிக்கல போல" என்றார். தாடை வலிக்கிறது என்றார். தோள்பட்டை இழுக்கிறது என்றார். நெற்றி வியர்த்திருந்தது. நெஞ்சு வலி என்று அவர் சொல்லவே இல்லை. நான் வாட்ச்சைப் பார்த்தேன். துடிப்பு 82. ஆக்சிஜன் 97. விரலை வைக்கச் சொல்லி இ.சி.ஜி. எடுத்தேன். தாளம் சீராக இருக்கிறது என்று வந்தது. "அத்தை, எல்லாம் நார்மல். வாயுவாதான் இருக்கும்" என்று சொல்லி, ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்துப் படுக்கவைத்தேன்.

விடியற்காலை நாலு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். 108-க்குப் போன் செய்தோம். ஜி.எச்.சில் இ.சி.ஜி. எடுத்த உடனே பெரிய மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ராத்திரி ஒன்பதிலிருந்து நாலு வரை, ஏழு மணி நேரம், ரத்தம் போகாமல் இதயத் தசை செத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "வலி வந்ததுமே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு சேதம் ஆகியிருக்காதும்மா" என்றார் டாக்டர். இப்போது அத்தையால் இட்லிப் பானையைத் தூக்க முடியாது. கடையை மூடிவிட்டோம்.

வாட்ச் பொய் சொல்லவில்லை. துடிப்பு 82 தான், தாளமும் சீராகத்தான் இருந்தது. தப்பான கேள்வியைக் கேட்டவள் நான். கிணற்று மோட்டார் டுகுடுகுவென்று சீராக ஓடும், ஆனால் வயலுக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கும். சத்தத்தை மட்டும் கேட்டால் அடைப்புத் தெரியுமா? வாட்ச் கேட்பது அந்தச் சத்தத்தை மட்டும்தான். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் வரும் அடைப்பு. அதை வாட்ச்சால் கண்டுபிடிக்க முடியாது. தங்கள் வாட்ச் மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிள் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது. அதை நான் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் படித்தேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, "வாட்ச்ச நம்புன, நான் சொன்னத நம்பலையே" என்றார். அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்கு அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு, நாலு பேரு பொழச்சிக்கட்டும்" என்றார்.

அதனால்தான் சகோதரிகளே, இந்த ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும். வாட்ச் எச்சரித்தால் கேளுங்கள். உடம்பு எச்சரிக்கும்போது வாட்ச்சிடம் கேட்காதீர்கள்.

உடம்பு எப்படி எச்சரிக்கும்? நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல். தாடை, கழுத்து, தோள், கை, முதுகு, மேல் வயிறு இவற்றில் வலி. மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல், தலைச்சுற்றல், காரணமில்லாத பெரிய அசதி. பெண்களுக்கு நெஞ்சு வலி தெளிவாக இல்லாமல் மற்றவை மட்டும் வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம். நாம் என்ன செய்கிறோம்? "வாயு", "பித்தம்", "அடுப்புச் சூடு" என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விடுகிறோம். வீட்டுக்காரருக்கு வந்தால் ஆட்டோ பிடிப்போம், நமக்கு வந்தால் விடியட்டும் என்போம்.

விடியக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் நம் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதம். அதற்கும் 108 தான்.

சரி, அந்த 25,000 ரூபாய்க் கடன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த நாளே அந்த அண்ணனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னோம். பிரஷர் 170-க்கு 100. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம்! இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், மாத்திரை தொடங்கினார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, காசு இல்லாமல். படபடப்பும் குறைந்திருக்கிறது. வாட்ச் வேண்டாம் என்று அந்த அக்காவே சொல்லிவிட்டார். குழுப் பணத்தில் சுமார் 2,000 ரூபாய்க்குப் புஜத்தில் கட்டும் பி.பி. மெஷின் ஒன்று வாங்கினோம். கூட்ட நாளில் எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்.

பார்த்தீர்களா, பி.பி.யில் வந்து நின்றுவிட்டேன்! ஆனால் அக்கா, இதயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த பி.பி.யும் சர்க்கரையும் கொழுப்பும் புகையிலையும்தானே. வாட்ச் கடைசியில் சொல்லும் செய்தியை, பி.பி. மெஷின் பத்து வருடம் முன்னாலேயே சொல்லிவிடும்.

வாட்ச் இருப்பவர்கள் தாராளமாகக் கட்டுங்கள். நடையை எண்ணட்டும், துடிப்பைப் பார்க்கட்டும். வசதி இருந்து, டாக்டரும் சொன்னால் நல்லதாக வாங்குங்கள். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இரண்டு விரல் போதும். இப்போதே எல்லோரும் செய்து பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வையுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போது 60-லிருந்து 100-க்குள் இருக்க வேண்டும், சீராகவும் இருக்க வேண்டும். தாறுமாறாக இருந்தால் ஒரு நிமிடம் முழுதும் எண்ணிவிட்டு, தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

நிறைவாகக் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு குழுவும் ஒரு பி.பி. மெஷின் வாங்கத் தீர்மானம் போட வேண்டும். இரண்டு, 30 வயது தாண்டிய எல்லா உறுப்பினர்களின் பி.பி., சர்க்கரை அளவை சேமிப்பு எழுதுவது போலவே ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று, ராத்திரி எந்த நேரத்திலும் ஓர் உறுப்பினருக்கு உடம்பு முடியவில்லை என்றால், கூடப் போவதற்கு ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பெண்கள் தாமதிப்பதற்குப் பாதிக் காரணம், கூட வர ஆளில்லை என்பதுதான்.

1989-ல் தர்மபுரியில் நம் குழு இயக்கம் தொடங்கியபோது, பெண்கள் பணத்தை எண்ணக் கற்றுக்கொண்டோம். அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி மக்களைத் தேடி மருத்துவமும் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போகிற வேலைக்கு நம் குழுப் பெண்களையே எடுத்தார்கள். பணத்தை எண்ணக் கற்ற நாம், துடிப்பையும் எண்ணக் கற்றுக்கொள்வோம்.

அத்தை அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் அந்த வாட்ச்சைக் கட்டித்தான் இருக்கிறார். ஆனால் இப்போது அவர் "என்னமோ பண்ணுது" என்றால், நான் முதலில் பார்ப்பது அவர் முகத்தை.